ஆறாம் பக்கத்துச் சொல்

கனடாவின் சட்பரி நகர ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஆய்லி ரௌத்தியோவுக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட்டு வைக்கலாம். பதினொரு வருடமாகப் பனித்தளத்தில் கோல் வாசலில் நின்று, பறந்து வருகிற ரப்பர் வட்டை உடம்பால் தடுக்கிறவள் அவள். மாதம் ஒரு முறையாவது எங்கேயாவது வீங்கிக்கொண்டு அங்கே வந்து நிற்பாள். வரவேற்பு மேசையில் எப்போதும் வெர்னாதான் இருப்பாள். பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் வெர்னாவுக்கு மனப்பாடம். இருந்தாலும் கம்ப்யூட்டர் கேட்கிறதே என்று அவளும் கேட்டுவைப்பாள்.

அந்தப் புதன்கிழமை அரையிறுதியில் ஜெயித்துவிட்டு, வீங்கின முழங்காலோடு ஆய்லி வந்திருந்தாள்.

"தொழில்?"

"ஹாக்கி."

வெர்னா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "பொழுதுபோக்கைக் கேக்கல கண்ணு. சாப்பாட்டுக்கு என்ன வேலை பாக்கறே?"

"நகராட்சில தண்ணிக் குழாய் ரிப்பேர்."

"அதைச் சொல்லு. இங்க ஒரே ஒரு கட்டந்தான் இருக்கு."

ஆய்லிக்குச் சுருக்கென்றது. ஆனால் வெர்னாமேல் கோபப்பட்டு என்ன செய்ய? வெர்னா சொன்னதைத்தான் அவள் ஆடுகிற பெண்கள் ஹாக்கி லீக்கும் சொல்லிக்கொண்டிருந்தது, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு.

அந்த லீக்கில் 'சம்பளம்' என்பது கெட்ட வார்த்தை. மாதா மாதம் கணக்கில் வந்து விழுவதற்கு 'ஊக்கத்தொகை' என்று பெயர். விளையாடுகிறவர்கள் ஊழியர்கள் அல்ல, 'பங்கேற்பாளர்கள்'. கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கும். ஆனால் சம்பளம் என்று ஒப்புக்கொண்டால் ஊழியர் என்று ஆகிவிடும். ஊழியர் என்றால் சங்கம் வைக்கலாம், சங்கம் வந்தால் எதிரே உட்காரவைத்துப் பேச வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சொல் ஜாலம். இலையுதிர் காலத்தில் ஆறு அணிப் பெண்களும் சேர்ந்து சங்கம் ஆரம்பித்தார்கள். லீக்கின் துணைத்தலைவர் மால்கம் ப்ரைஸ் ஐந்து மாதமாக அவர்கள் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில்கூடப் போடவில்லை. ஊழியரே இல்லாத இடத்தில் சங்கம் எப்படி இருக்கும் என்பது அவருடைய நியாயம்.

இப்படி இருக்கையில், சனிக்கிழமை மத்தியானம் சொந்த ஊரில் இறுதி ஆட்டம். வெள்ளிக்கிழமை மாலைப் பயிற்சிக்கு வந்தால், உடை மாற்றும் அறையில் ஒவ்வொருத்தியின் இருக்கையிலும் ஒரு தாள்கட்டு. அடுத்த வருடத்து ஒப்பந்தம். ஒரு அணியின் இருபத்துமூன்று பேருக்கும் சேர்த்து இவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு டாலர் கிடையாது என்று லீக்கே ஒரு வரம்பு கட்டியிருந்தது. ஆண்கள் லீக்கில் ஒருத்தன் ஒரு வருடத்தில் உடைக்கிற மட்டைகளின் விலை அதைவிட அதிகம் இருக்கும். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் கையெழுத்துப் போடாதவர்கள் ஆட வேண்டாம், அவர்கள் இடத்தில் ஆடப் பல்கலைக்கழக அணி பஸ்ஸில் தயாராக இருக்கும் என்று மேலே ஒரு குறிப்பும் இருந்தது.

"பல்லுல கத்தியைக் கடிச்சுக்கிட்டு கட்டிப்பிடிக்க வர்றான் அந்த ப்ரைஸ்," என்றாள் ஒடெட் சபூரேன். தடுப்பாட்டக்காரி, ஆய்லியின் பக்கத்து இருக்கை. பகலில் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். இறுதியில் எதிரே ஆடப்போகும் காட்டினோ அணி பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்து அணி என்பதால் லீக்கின் தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று என்று இரண்டாக வரும். பிரெஞ்சுத் தாளைச் சட்பரியில் யாரும் புரட்டுவதில்லை, ஒடெட்டைத் தவிர. அவளுக்கும் ஒப்பந்தத்தைப் படிக்கும் ஆசை ஒன்றும் இல்லை. பிழை கண்டுபிடித்துக் கேலி செய்வதில் அலாதி சந்தோஷம். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அன்றைக்கும் சுழித்துக்கொண்டே போனவள், ஆறாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"ஆய்லி, இங்கிலீஷ்ல ஆறாம் பக்கம் என்னடி போட்டிருக்கு? தலைப்பைப் படி."

"அணி ஊக்கத்தொகை எல்லை."

"பிரெஞ்சுல என்ன போட்டிருக்கு தெரியுமா?" ஒடெட் எழுந்து நின்றாள். "சம்பள உச்சவரம்பு. சம்பளம்! அந்த ஆளு அவன் கைப்பட சம்பளம்னு எழுதியிருக்கான்டி!"

நடந்தது இதுதான். வக்கீல்கள் ஆங்கிலத் தாளைச் சல்லடை போட்டுச் சலித்து, சம்பளம் என்ற சொல்லை ஓரிடம் விடாமல் எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சில் பெயர்த்தவருக்கு இந்த வம்பெல்லாம் தெரியாது. ஹாக்கியில் அப்படி ஒரு வரம்புக்குக் கியூபெக்கில் பால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லாரும் சொல்வது 'சம்பள உச்சவரம்பு'தான். பழக்க தோஷத்தில் அதையே போட்டுவிட்டார். கடைசிப் பக்கத்தில், இரண்டு மொழித் தாளுக்கும் சம மதிப்பு என்ற வரி. அதன் கீழே மால்கம் ப்ரைஸின் கையெழுத்து, நல்ல நீளமாக.

அறையில் அத்தனை பேரும் ஆய்லியைப் பார்த்தார்கள். சங்கத்துக்கு அணியின் சார்பில் அவள்தான் பிரதிநிதி. 'வர்றதையெல்லாம் தடுக்கறவ நீதானே' என்று சிரித்துக்கொண்டே அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

ஆய்லி வெளியே போய்க் காட்டினோவின் கோல்கீப்பர் சோலாஞ்ச் பாக்கேயைப் போனில் கூப்பிட்டாள். பத்து வருடத்துப் பகையாளி. எதிரெதிர் கோல் வாசலில் நின்று ஒருத்தியை ஒருத்தி பேசாத பேச்சில்லை.

"சோலாஞ்ச், ஆறாம் பக்கம் பாத்தியா?"

"பாத்தேனே. அதுல என்ன? எல்லாரும் அப்படித்தானே சொல்வோம்." அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம். அப்புறம் ஒரு வெடிச் சிரிப்பு. "அட கிறுக்குப் பயலே! மாட்டிக்கிட்டானா?"

"நாளைக்கு நான் பனில இறங்காம கதவை மறிச்சு உக்காரப் போறேன்."

"நீ உக்காந்தா நானும் உக்காருவேன். ஆனா ஒண்ணு, எழுந்ததுக்கப்புறம் உன்னைச் சும்மா விடமாட்டேன். கிழவி, உன் முழங்கால் தாங்குமா?"

"உன் வாய்க்கு என் முழங்கால் தேவலாம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

தைரியமாகப் பேசிவிட்டாளே ஒழிய, வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்துநான்கு வயது. இந்தப் பதினொரு வருடத்தில் அணி இறுதிக்கு வருவது இதுதான் முதல் தடவை, முழங்கால் இருக்கிற இருப்பில் அநேகமாகக் கடைசியும்கூட. அந்தக் கோப்பை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை வாய்விட்டுச் சொன்னால் அவளுக்கே வெட்கமாக இருக்கும். உட்கார்ந்து, பிறகு ஆட்டமே நடக்காமல் போனால்? ஒரு சொல்லுக்காக ஒரு கோப்பையா? குழாய்ப் பள்ளத்தில் அவளோடு நிற்கிறவர்கள் இதைக் கேட்டால் கைகொட்டிச் சிரிப்பார்களோ என்றுகூட நினைத்தாள்.

சனிக்கிழமை அரங்கில் ஓர் இருக்கை காலியில்லை. தொலைக்காட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். இரண்டு அணியிலும் ஒருத்திகூடக் கையெழுத்துப் போடவில்லை. ப்ரைஸ் நல்ல கம்பளிக் கோட்டில் நடைவழிக்கு வந்தார்.

"இங்க பாரு ஆய்லி, பொறுமையா சொல்றேன். சம்பளம்னு ஒண்ணு கிடையாது. சம்பளம் இல்லாதவங்க வேலைநிறுத்தம் செய்ய முடியாது. வேணும்னா ஆட வராம இருக்கலாம். அதுக்குப் பேரு லீவு."

"சம்பளமே இல்லேன்னா அதுக்கு உச்சவரம்பு எதுக்குங்க போட்டீங்க?"

"யார் போட்டா?"

"நீங்கதான். ஆறாம் பக்கம்."

"சான்ஸே இல்ல. நானே மூணு தடவை படிச்சேன்."

"இங்கிலீஷ்ல படிச்சீங்க," என்றாள் ஒடெட். சிவப்புச் சுழி போட்ட தாளை மூக்குக்கு நேரே நீட்டினாள். ப்ரைஸுக்குப் பிரெஞ்சு வராது. ஆனாலும் ஆங்கிலத்துச் 'சாலரி'யின் சாயலில் இருந்த அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அவர் முகம் வெளுத்தது. சுவர்ப் பக்கம் திரும்பி வக்கீலுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் பேசினார், அதைவிடக் கூடுதல் நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மொழிபெயர்ப்புல வந்த தப்பு," என்றார் திரும்பி வந்து. "இப்ப ஆடுங்க. திங்கக்கிழமை பேசிக்கலாம்."

"திங்கக்கிழமை நான் பள்ளத்துல குழாயோட இருப்பேன். இப்பவே பேசலாம்."

"அந்தக் காலேஜ் பொண்ணுங்களை பஸ்ஸை விட்டு இறங்கச் சொல்லவா?"

ஆய்லி திரும்பி நடந்தாள். பனித்தளத்துக்குப் போகும் கதவருகே வட்டு நிரப்பின பக்கெட் ஒன்று இருந்தது. அதன் மூடிமேல், கனத்த கால்காப்புகளை இரண்டு பக்கமும் விரித்து, கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஹாக்கியில் கோல்கீப்பர்தான் முதலில் இறங்க வேண்டும். அவள் கால் பனியில் படாமல் வேறொருத்தி கால் வைத்தால் அந்த அணி உருப்படாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் நடைபழகும் வயதில் சறுக்குக்காலணி மாட்டின எந்தப் பெண்ணும் இதை மீற மாட்டாள், பஸ்ஸில் இருக்கிற பெண்களும்தான். அவள் பின்னால் இருபத்திரண்டு பேரும் மட்டையைத் தரையில் ஊன்றி வரிசையாக நின்றார்கள். எதிர்க் கதவில் சோலாஞ்ச் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பகையாளி அங்கிருந்து கையசைத்தாள்.

பனித்தளத்தைத் தண்ணீர் விட்டு மட்டமாக்கும் மெழுகு வண்டியை ஓட்டுகிற ஆர்வோ அப்போது வேலையை முடித்துக்கொண்டிருந்தான். அவன் நகராட்சித் தொழிற்சங்கத்து ஆள். இரண்டு கதவையும் பார்த்தான். வண்டியைத் திருப்பி நடுவட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தான்.

"யோவ், வண்டியை எடு!" என்று கத்தினார் ப்ரைஸ்.

"எனக்கு இப்ப டீ டைம் சார். எழுத்துல இருக்கு. எங்களுக்கு ஒப்பந்தம் உண்டு."

கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். "எங்களுக்குக் குடுக்கறது சம்பளமே இல்லையாம்!" என்று ஒடெட் கத்தினாள். அது ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு ஏறி, கூரை வரைக்கும் போயிற்று. வேறு ஊராக இருந்தால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். இது சட்பரி. வேலைநிறுத்தம் என்று நிக்கல் சுரங்க வாசலில் தகர டிரம்மில் நெருப்பு மூட்டிக் குளிர்காலம் முழுக்க நின்ற ஆள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிற ஊர். நடு வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வாயில் கையைக் குவித்தார்.

"நாங்க ஒன்பது மாசம் உக்காந்தவங்க. நீ நிதானமா உக்காரும்மா!"

அதற்கு எழுந்த கைதட்டலில் கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. ஆய்லி முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுவதை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான். பிறந்த ஊரைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பெருமையாக அதற்கு முன் இருந்ததில்லை.

நாற்பது நிமிடம் போயிற்று. நடுவட்டத்து மெழுகு வண்டியைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. கடைசியில் ப்ரைஸ் ஆங்கிலத் தாளோடு வந்து அவள்முன் குனிந்து நின்றார். அவருடைய பேனா குளிரில் உறைந்துவிட்டது. தன் மட்டைகளுக்கு எண் எழுதுகிற கறுப்பு மார்க்கரை ஆய்லி நீட்டினாள். ஆறாம் பக்கத்தில் 'ஊக்கத்தொகை'யை அடித்து, மேலே 'சம்பளம்' என்று எழுதினார். தொகை இருந்த இடத்தையும் அடித்து, 'சங்கத்தோடு பேசி முடிவு செய்யப்படும்' என்று எழுதி ஒப்பமிட்டார். ஒடெட் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

ஆய்லி எழுந்தாள். முழங்கால் மரத்துப் போயிருந்தது. இருபத்திரண்டு பேரும் வழக்கம்போல அவள் கால்காப்பில் மட்டையால் ஒரு தட்டுத் தட்டினார்கள். அன்றைக்கு அந்தத் தட்டு கொஞ்சம் பலமாகவே விழுந்தது. ஆர்வோ டீயை முடித்துவிட்டு வந்து வண்டியை எடுத்தான். அவள்தான் முதலில் இறங்கினாள்.

கதையில் நான் பொய் சொல்வதற்கில்லை: சட்பரி தோற்றது. கூடுதல் நேரத்தில் ஒரு கோல். அதற்கு முன்பே ஒரு வட்டு மார்புக்காப்புக்கு மேலே ஏறி அவள் காறை எலும்பைப் பதம் பார்த்திருந்தது, சொல்லாமல் ஆடினாள். முடிந்து கைகுலுக்கும் வரிசையில் சோலாஞ்ச் நின்று, மட்டையால் அவள் கால்காப்பில் ஒரு தட்டுத் தட்டினாள். எதிரணிக்காரி அப்படித் தட்டி யாரும் பார்த்ததில்லை. "கோப்பை என்னது," என்றாள் காதோடு. "அந்தச் சொல்லு உன்னது. அதுல எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்."

ஒருமணி நேரம் கழித்து, வியர்வை காயாத சட்டையோடு ஆய்லி வெர்னாவின் மேசைமுன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் இருந்த சின்ன ரேடியோவில் இறுதி ஆட்டத்துச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வெர்னா எதையும் கேட்கவில்லை, தட்டிக்கொண்டே போனாள். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

"சரியா இருக்கா பாரு."

பெயர், பிறந்த தேதி, விலாசம். தொழில்: ஹாக்கி.

ஆய்லி அதை இரண்டு தடவை படித்தாள். "குழாய் வேலையையும் போடுங்க. அதுக்கும் லீவு சொல்லணுமே," என்றாள்.

"ஒரே ஒரு கட்டந்தான் இருக்குன்னு எத்தனை தடவை சொல்றது? ஏதாவது ஒண்ணு சொல்லு கண்ணு."

"அப்ப அதுல இருக்கறதே இருக்கட்டும்," என்றாள் ஆய்லி.