ரெண்டு கைக் கட்டில்

காத்தாயி கட்டில் காலை ஓர் உதை உதைத்தாள். கட்டில் அசையவில்லை, அவளுடைய பெருவிரல்தான் வலித்தது. இடது கையில் தண்ணீர் நிறைந்த கேத்தல். வலது கையின் ஆள்காட்டி விரலில் துணிக்கட்டு. அடுப்பு கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கட்டிலை மடக்கினால்தான் அடுப்புக்கு வழி. கட்டில் மடங்க இரண்டு கை வேண்டும். மனுஷிக்கு அப்போது இருந்ததே ஒரு கைதான், அதிலும் கேத்தல். கடைசியில் கேத்தலைத் தூக்கிப் பிடித்தபடி, ஆடு வேலி தாண்டுவதுபோலக் கட்டில்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள்.

இலங்கையிலிருந்து புறப்பட்டபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமே கலங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மிக்கல்லைக் கொண்டுவர வேண்டும் என்றாள். புருஷன் வீரையா இந்த மடக்குக் கட்டிலைத் தோளில் தூக்கினான். அங்கே ஒரு துரை வீட்டில் கழித்துப் போட்டது. "அம்மிய எங்கயும் வாங்கலாம் புள்ள. இப்புடி மடங்குற கட்டிலு கெடைக்குமா?" என்றான். கப்பலிலும் ரயிலிலும் மண்டபம் கேம்பிலும் அது அவர்களோடு வந்தது. நீலகிரியில் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் இந்தத் தேயிலை எஸ்டேட்டில் லயத்து அறை ஒன்று கொடுத்தார்கள். சிறிது நாளில் வீரையாவின் தங்கை வேலாயியும் தவழ்ந்து திரியும் குழந்தையோடு கேம்பிலிருந்து வந்து சேர்ந்தாள். அவள் புருஷன் வேலை தேடிக் கூடலூர்ப் பக்கம் போயிருந்தான். ஓர் அறை, இரண்டு குடும்பம், நடுவில் இந்தச் சனியன்.

மடங்குகிற கட்டில் மடங்கிவிட்டுப் போகட்டும். அதுவோ நினைத்த நேரத்தில் மடங்கியது. போன மாதம் பாய் விரிக்கும்போது நடுக்கீல் படக்கென்று மூடி அவள் விரலைக் கடித்தது. நகம் கருத்து விழுந்தது. கொழுந்து கிள்ளுகிறவளுக்கு ஆள்காட்டி விரல் போனால் வேறென்ன இருக்கிறது? இடது கையால் கிள்ளிப் பார்த்தாள். கூடை பாதிகூட நிறையவில்லை.

வீரையா கீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேக்டரியில் ஃபிட்டருக்கு உதவியாளாக இருந்தவன், பழைய மெஷினில் கழற்றிய ஸ்பிரிங்கையும் ஓர் இரும்பு ஊசியையும் கொண்டுவந்து ராத்திரியெல்லாம் ராவினான். கட்டிலை விரித்தால் ஊசி தானாகவே கீலில் இருந்த துளையில் விழுந்து பூட்டிக்கொள்ளும். மடக்க வேண்டுமானால் ஒரு கை ஊசியை இழுத்துப் பிடிக்க, மறு கை கட்டிலைத் தூக்க வேண்டும். இரண்டு கையும் வெளியே இருந்தால் விரல் எப்படி உள்ளே மாட்டும் என்று அவளிடமே கேட்டான். கீலுக்குக் கிரீஸ் தடவி, நாலு தரம் மடக்கி விரித்துக் காட்டினான். அவனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன.

"கட்டிலுக்குப் பூட்டுப் போட்ட மனுசன், எனக்கு ஒரு கையும் செஞ்சு குடுத்துருக்கலாம்" என்றாள் காத்தாயி. அவன் சிரிக்கவில்லை.

இன்றைக்கு அவன் பேக்டரிக்கு முன்னமே போய்விட்டான். வேலாயி குழந்தையைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, சங்கு ஊதும் நேரம். கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பிய காத்தாயிக்குத் திடீரென்று புத்தி வேலை செய்தது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கிலிருந்து ஒரு கயிற்றை உருவி, பல்லால் முடிச்சை இறுக்கி, ஊசியைத் துளைக்கு வெளியே இழுத்துக் கட்டினாள். இடது கையால் தூக்கினாள். கட்டில் பால் குடித்த பூனை மாதிரி மடங்கியது. சங்கு ஊதும் முன்னமே ஜெயித்துவிட்டதுபோல இருந்தது அவளுக்கு.

வேலாயி வந்து, குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்று மறுபடி கட்டிலை விரித்துப் படுக்கப் போட்டாள்.

"புள்ள எழும்புனதும் ஒத்தக் கையால தூக்கு. மடங்கிரும்" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி மலைக்கு ஏறினாள்.

மூன்றாவது நிரை கிள்ளும்போது மூடுபனி விலகி வெயில் வந்தது. கட்டுப்போட்ட விரல் ஒரு கிளையில் இடித்தது. வலி தலைக்கு ஏறியது. கூடவே இன்னொன்றும் ஏறியது. அந்தக் குழந்தை எழுந்ததும் எங்கே போகும்? நேரே கட்டிலுக்கடியில்தான் போகும். கிரீஸ் பளபளக்கும் கீலை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தினமும் பார்க்கிறதுதானே. வேலாயி குனிந்து பார்க்கிறவளா? ஒத்தக் கையால் தூக்கச் சொன்னது யார்?

அவள் மேஸ்திரி மயில்சாமியிடம் போய், வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், குரலை உயர்த்தாமலே குத்துவார். என்ன அவசரம் என்று கேட்டார். கட்டில் என்றாள்.

"ஏனுங்கம்மா, காய்ச்சலுக்கு லீவு கேட்டிருக்காங்க, கண்ணாலத்துக்குக் கேட்டிருக்காங்க. கட்டிலுக்கு லீவு கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க."

நிரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கூடையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு நடந்தாள். நடை ஓட்டமானது. வழியெல்லாம் வீரையாவைத் திட்டினாள். அவன் கட்டிலை, அவன் ஊசியை, அந்தத் துரையை, ஏறிவந்த கப்பலைத் திட்டினாள். தன்னைத் திட்டிக்கொள்ள வார்த்தை கிடைக்கவில்லை.

வாசலில் அழுகைச் சத்தம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

உள்ளே வேலாயி சேலையைச் செருகிக்கொண்டு, கட்டிலை இரண்டு கையாலும் மூச்சு முட்டத் தூக்கிக்கொண்டிருந்தாள். அடியில் குழந்தை சம்மணமிட்டு உட்கார்ந்து, கீலின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தது. கட்டில் முனகியது, மடங்கவில்லை. ஊசி துளைக்குள் இருந்தது. கயிற்றைக் காணோம்.

காத்தாயி மண்டியிட்டு, குழந்தையின் கையை மெல்ல வெளியே எடுத்து, அதை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மடங்கும்னீங்களே அண்ணி. எனக்கு ஏலாது, செத்தேன்" என்றாள் வேலாயி.

"கயிறு எங்கடி?"

"சும்மாதானே தொங்கிச்சு. வெறகு கட்ட எடுத்தேன்."

அவளை அடிக்கத் தோன்றியது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் கை எழவில்லை. மடியில் கிடந்த குழந்தையின் உடம்பு இன்னும் சுட்டது. அதன் விரல் நுனியில் கிரீஸ் கரும்பொட்டாக ஒட்டியிருந்தது. காத்தாயி படங்குச் சாக்கால் துடைத்தாள். போகவில்லை. மீண்டும் துடைத்தாள். அது பரவி, குழந்தையின் உள்ளங்கையிலும் அவளுடைய விரல்கட்டின் வெள்ளைத் துணியிலும் ஏறியது.