சைலன்சர் உடைந்த அன்று

இது எண்பத்து மூன்றில் நடந்ததா, எண்பத்து நான்கிலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கார் சாம்பல் நிறம் என்று எனக்கு நினைவு. வெள்ளை என்று சொன்னவர்களும் உண்டு. பலரிடம் பல சமயங்களில் கேட்டது, நடுநடுவே நானாக இட்டு நிரப்பியதும் இருக்கும். செருப்பு விஷயத்தை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஊரின் பேரை எழுதப் போவதில்லை. பாப்பாரப்பட்டிக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சவரி தருமபுரியில் டாக்ஸி ஓட்டினான். யாரோ ஓட்டித் தேய்த்த பழைய அம்பாசிடர், அவனுக்குச் சொந்தம். அவன் அம்மா ராயம்மாள் ஊருக்கு வெளியே காலனியில், மாதா கோயிலை ஒட்டிய வீட்டில் இருந்தாள். காலனியிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஊர்த்தெரு ஒன்றுதான் வழி. அந்தத் தெருவில் காலனிக்காரன் சைக்கிளில் வந்தால் முதல் வீட்டிலேயே இறங்கிவிட வேண்டும். கடைசி வீடுவரை தள்ளிக்கொண்டு போய் அப்புறம் ஏறலாம். செருப்பு கையில் இருக்கும். சவரியின் அப்பா சாகும்வரை அப்படித்தான் போனார். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, அதனால்தான் யாராலும் அதை அழிக்கவும் முடியவில்லை.

கார் வந்தபோது தெருவுக்கே ஒரு குழப்பம். சைக்கிளிலிருந்து இறங்கு என்று சொல்லலாம். காரிலிருந்து இறங்கு என்று எப்படிச் சொல்வது? பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் சவரி ஊருக்கு வரும்போது காலனி மண்பாதையில் ஒரு கல் அடியில் தட்டிச் சைலன்சர் பைப் முறிந்துவிட்டது. செல்ப் ஸ்டார்ட்டரும் ஏற்கெனவே எடுக்காது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். மறுநாள் பாப்பாரப்பட்டிச் சந்தை. சந்தைக்கு வருகிறேன் என்ற அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, நாலு பேர் தள்ளிவிட, வண்டி கிளம்பியது. கல் குவாரியில் வேட்டு வைத்தது போல விடாமல் சத்தம்.

ஊர்த்தெருவின் பாதியில் தீர்த்தகிரி நடுரோட்டில் நின்றார். தெருவில் அவர் சொன்னதுதான் பேச்சு. பக்கத்தில் அவர் பங்காளி சென்றாயன், இன்னும் சில பேர்.

"டேய் சவரி, எருது மெரளுது. அணைச்சிட்டு எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ."

"அணைச்சா மறுபடி கிளம்பாதுங்க. செல்ப் எடுக்காது. பைப்ப வெல்டிங் வைக்கத்தான் போறேன்."

"கிளம்பாட்டி என்ன? தள்ளத்தானே சொல்றேன்."

சவரிக்குப் புரிந்தது. எருது ஒரு சாக்கு. இத்தனை மாதமாக வாயில் வராத ஒரு வார்த்தைக்குச் சைலன்சர் வழி செய்து கொடுத்துவிட்டது. இறங்கு என்பதுதான் அந்த வார்த்தை. ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பலாம்தான். அதற்கும் இறங்கத்தான் வேண்டும்.

கை ஸ்டியரிங்கில், கால் ஆக்சிலேட்டரில். கொஞ்சம் விட்டால் என்ஜின் அணைந்துவிடும். அணைந்தால் அப்பாவின் சைக்கிள்தான்.

"டிரைவர் சாருக்குக் காலு சுளுக்கிக்கிச்சு போல," என்று கத்தினான் சென்றாயன். "எறக்கி வுட நாம தூக்கணுமா?"

சிரித்தார்கள். சிரிப்பு வாயில் தெரிந்ததே தவிரச் சத்தத்தில் கேட்கவில்லை.

"எறங்கிடுடா சாமி," என்றாள் ராயம்மாள் காதருகில். "நான் பின்னால தள்றேன். ஒனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது."

அவன் திரும்பினான். அம்மா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காருக்குள்ளே, கதவு சாத்தியிருக்க, தெரு ஆரம்பித்ததுமே கழற்றியிருக்கிறாள். கழற்றியது அவளுக்கே தெரியாது போலிருந்தது. சவரி அந்தச் செருப்பை நீண்ட நேரம் பார்த்தான்.

"நீ ஒக்காரும்மா," என்றான்.

ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தான். புகை தெருவில் ஏறியது. கோழிகள் கூரைக்குப் பறந்தன. தீர்த்தகிரி ஏதோ கத்தினார், கேட்கவில்லை. பானட்டின் மேல் தட்டினார். சவரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பெட்ரோல் முள் இறங்கிக்கொண்டே வந்தது. முள் படுத்தால் எல்லாம் முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். அதை அவன் முகம் காட்டவில்லை.

கடைசியில் தீர்த்தகிரியின் மனைவி சாலம்மாள்தான் வாசலுக்கு வந்தாள். இடுப்பில் பேரக்குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"வுட்டுத் தொலைங்க. காலையிலேர்ந்து இப்பத்தான் கண்ண மூடுச்சு. காது கிழியுது. தள்ளித்தான் ஆவணும்னா நீங்க போய்த் தள்ளுங்க."

இந்தமுறை சிரிப்பு தீர்த்தகிரியின் பின்னாலிருந்து வந்தது. அவர் துண்டை உதறிக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். கார் போனது.

முனாப் பாயின் வெல்டிங் பட்டறை சந்தை முனையில். சவரி அங்கே போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருப்பி அணைத்தான். சட்டென்று வந்த அமைதியில் சந்தை இரைச்சல் காதில் விழுந்தது.

"நீ தூரத்துல வரும்போதே சத்தம் கேட்டுச்சு தம்பி," என்றார் முனாப். "ட்ராக்டர்காரன் எவனோ வர்றான்னு பாத்தேன்."

பைப் சூடு ஆறட்டும் என்று ஒரு டீ குடித்தார்கள். பிறகு முனாப் அடியில் புகுந்து பைப்பைக் கழற்றினார். துருப்பிடித்த போல்ட் ஒன்று வராமல் அடம்பிடித்து, கடைசியில் வெட்டித்தான் எடுத்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, முறிந்த இரண்டு வாயையும் நேராகச் சேர்த்துப் பிடித்து, மேலே ஒரு தகட்டை வளைத்துச் சுற்றிக் கேஸ் வெல்டிங் வைத்தார். கார்பைடு நாற்றம் சந்தைவரை போனது.

வேலை நடக்கும்போது ராயம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் ஆத்தா, செருப்பக் கையில புடிச்சிருக்க?" என்றார் முனாப், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி. "வாரு அந்துபோச்சா? குடு, எதிர்லதான் தைக்கிறவரு."

ராயம்மாள் கையைப் பார்த்தாள். தார் ரோடு முழுக்க, சந்தைக் கூட்டம் முழுக்க, அதைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். சவரி தலையைத் திருப்பிக்கொண்டான்.

"அந்துபோவலப்பா," என்றாள். "நல்லாத்தான் இருக்குது."

கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். சந்தையில் வாங்க வந்ததை வாங்கவே இல்லை.

பைப்பை மாட்டியபின் காரை முனாப்பும் இரண்டு காய்கறிக்காரர்களும் தள்ளிவிட்டார்கள். சவரியும் இறங்கி, கதவோரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி தள்ளினான். இங்கே தள்ளுவதில் அவனுக்கு ஒன்றுமில்லை. என்ஜின் பிடித்ததும் தாவி ஏறினான். பூனை நடப்பது போல ஓடியது வண்டி.

ஊர்த்தெருவில் வேப்பமரத்தடியில் அதே ஆட்கள். கார் சத்தமில்லாமல் வந்ததால் அவர்கள் பேசியது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா, வழிக்கு வந்துட்டான்," என்றான் சென்றாயன்.

சவரிக்குப் பைப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடியும் ஒருமுறை வரலாமா என்றுகூடத் தோன்றியது.

"நிறுத்துடா," என்றாள் ராயம்மாள்.

"எதுக்கு?"

"எறங்கணும்."

"அம்மா, இங்க வேணாம்."

"நிறுத்துன்றேன்."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். காரின் முன்னால் போய்த் தெருவின் நடுவில் நடந்தாள். செருப்பு காலில் இருந்தது. சவரி முதல் கியரில் அவள் பின்னாலேயே உருட்டினான். என்ஜின் சத்தம் இருந்ததாகவே தெரியவில்லை. அதனால் அந்தத் தெரு முழுக்க அவளுடைய செருப்புச் சத்தம் ஒன்றுதான் கேட்டது. டப், டப் என்று ஒவ்வொரு வாசலையும் தாண்டியது. வெளியே வந்த சாலம்மாள் அப்படியே நின்றாள்.

தீர்த்தகிரி எழுந்தார். "ராயம்மா. காலுல என்னா?"

"செருப்புங்க," என்றாள், நிற்காமல்.

கடைசி வீடுவரை நடந்து, அங்கே வந்துதான் காரில் ஏறினாள்.

அந்த வருஷம் காலனியில் யாருக்கும் ஊர்க்காரர்கள் அறுவடை வேலை கொடுக்கவில்லை. ராயம்மாள் மொரப்பூர்ப் பக்கம் தங்கையின் வீட்டில் தங்கிக் களை எடுத்துச் சமாளித்தாள்; தை பிறந்தபின் திரும்பி வந்தாள், அதே தெரு வழியாக. சில வருஷம் கழித்துக் காய்ச்சலில் இறந்தாள். சவரிக்கு வேலை செய்து கொடுத்ததற்காக ஊர்த்தெரு ஆட்கள் முனாப்பிடம் கலப்பை கொண்டுபோவதை நிறுத்தினார்கள், பிறகு வேறு பட்டறை தூரமாக இருந்ததால் மறுபடியும் கொண்டுபோனார்கள். சென்றாயன் நிலத்தை விற்றுவிட்டுப் பெங்களூருக்குப் போனான். தீர்த்தகிரி படுக்கையில் கிடந்து இறந்தார். சாலம்மாள் மகள் வீட்டில் இருந்தாள். சவரி காரை விற்றுவிட்டு லாரி ஓட்டப் போனான். விற்கும்போது சைலன்சர் வேறு இடத்தில் ஓட்டையாகியிருந்தது, முனாப் வைத்த ஒட்டு அப்படியே இருந்தது. தெருவில் சைக்கிளைவிட்டு இறங்குவது இன்னும் கொஞ்ச காலம் நடந்தது. அப்புறம் நின்றுவிட்டது.