நாற்காலி குட்டி போடுமா?

1

இந்தக் கதையை நான் அண்ணியிடமிருந்து சுட்டேன். அவள் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். துணி மடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். நான் கூடவே உட்கார்ந்து கேட்டேனே தவிர, ஒரு தலையணை உறையைக்கூட உருப்படியாக மடிக்கவில்லை.

முதல் வரியை எழுதி எழுதி அடித்தேன். "கரும்பலகையில் எண்கள் பறவைகளைப் போல..." வேண்டாம். "அன்று அவள் வாழ்க்கையே..." இதுவும் வேண்டாம், அண்ணி சிரிப்பாள். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

ஆறாம் வகுப்பு. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் ஒரே கணக்கில் கலந்து வரும் பாடம். பெருக்கலையும் வகுத்தலையும் முதலில் முடிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகுதான். பிள்ளைகளோ இடமிருந்து வலமாக ஒரே ஓட்டம் ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி. வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் குடுக்கை, அவசரக்குடுக்கையின் சுருக்கம்.

அண்ணி ஒரு கதை கட்டினாள். நாற்பது நாற்காலி இருக்கிறது. ஆறு மேசைக்கு ஐந்தைந்தாக எடுத்துப் போகிறார்கள். இரண்டு திரும்பி வருகிறது. இப்போது எத்தனை? போர்டில் 40 − 6 × 5 + 2 என்று எழுதினாள்.

"நூத்தி எழுபத்திரெண்டு!" என்றாள் குடுக்கை.

"இருந்ததே நாப்பதும்மா. நாற்காலி குட்டி போடுமா?"

வகுப்பு சிரித்தது. மறுநாளும் அதே நூற்று எழுபத்திரண்டு. அண்ணி கரடியாகக் கத்தியும் பலனில்லை. தலைமையாசிரியை கூப்பிட்டுவிட்டார். "வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காந்து பாக்கறேன். பிள்ளைங்களுக்குப் புரியலேன்னா வகுப்பை வேற டீச்சருக்குக் கொடுத்துடலாம்."

அந்த வாண்டுகளை விட்டுக்கொடுக்க அண்ணிக்கு மனசே இல்லை.

(குடுக்கையை ஒளிந்திருக்கும் மேதையாக்கிவிடலாமா என்று எனக்கு ஓர் ஆசை. அண்ணியிடம் கேட்டேன். "மேதையா? இன்னிக்குக்கூட வகுத்தல்ல மீதியைத் தொலைச்சுட்டு முழிச்சா" என்றாள். ஆசையை விட்டேன்.)

3

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கடைசி பெஞ்சில், குடுக்கைக்குப் பக்கத்தில், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணி வேறு கணக்கு யோசித்து வைத்திருந்தாள். பயத்தில் அது மறந்துபோக, கை பழைய நாற்காலிக் கணக்கையே எழுதியது. கண்ணெல்லாம் அந்தப் பேனாமேல். நாற்பதில் ஆறு போனால் முப்பத்து நான்கு, அதை ஐந்தால் பெருக்கினால்...

ஆமாம், டீச்சரேதான்.*

172 என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். வகுப்பு திருதிருவென்று பார்த்தது. குடுக்கை எழுந்தாள்.

"டீச்சர், பெருக்கலை முதல்ல பண்ணணும். ஆறஞ்சு முப்பது. அது போனா பத்து. ரெண்டு திரும்பி வந்தா பன்னெண்டு." கொஞ்சம் தயங்கினாள். "நாற்காலி குட்டி போடுமா டீச்சர்?"

"பன்னெண்டு! பன்னெண்டு!" என்று வகுப்பே கூரை பிய்யக் கத்தியது.

* எப்படி என்று கேட்காதீர்கள். வருஷக்கணக்காக ஓட்டிய சைக்கிளிலிருந்து நாலு பேர் பார்க்கும்போதுதான் விழுவோம்.

4

மணி அடித்ததும் தலைமையாசிரியை கேட்டார்: "வேணும்னேதானே தப்பா போட்டீங்க?"

ஒரு முடிவு: "ஆமாம் மேடம்" என்கிறாள் அண்ணி. இன்னொன்று: உண்மையைச் சொல்கிறாள், மேடம் பேனாவை மூடிவிட்டு...

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. என்னதான் சொன்னாய் என்று அண்ணியையே கேட்டேன். தலையணை உறையை என் கையில் திணித்து, "அதை விடு. அவ எழுந்து நின்னாளே, அதை ஒழுங்கா எழுது" என்றாள். வகுப்பு இன்றும் அண்ணியிடம்தான் இருக்கிறது. மேடத்துக்கு என்ன பதில் என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

குடுக்கைக்குச் சொன்ன பதில் மட்டும் எனக்குத் தெரியும். வகுப்பு கத்திக்கொண்டிருக்கும்போதே அண்ணி 172-ஐ அழித்தாள். வெட்கம் ஒரு பக்கம் இருந்தது, அதைவிடப் பெரிதாக நன்றி இருந்தது. கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள்:

"போடாதும்மா. ரொம்ப தேங்க்ஸ்."