இருபத்திரண்டாம் கொக்கி

காது இல்லாத கோட்டு எதையும் நான் வாங்கி மாட்டுவதில்லை. கழுத்துப் பட்டியின் உள்பக்கம், கொக்கியில் மாட்டுவதற்கென்று ஒரு சின்ன வார் இருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். அது அறுந்த கோட்டோடு வருகிறவர்களிடம் வீட்டில் ஊசி நூல் இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். வெர்க்னி லோக் அரங்கத்தில் கோட்டு அறை என் ராஜ்ஜியம். மேயரே ஆனாலும் என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் ஆட்டம் பார்க்கப் போக வேண்டும்.

அன்று எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணியான கோர்னுக்கு எழுபத்தைந்து வயது நிறைந்த விழா. ஆட்டத்துக்கு முன்னால் வதீம் கொரோப்கினின் இருபத்திரண்டாம் எண் ஜெர்சியைக் கூரைக்கு ஏற்றப் போகிறார்கள். இனி அந்த எண்ணை இங்கே யாரும் அணியக்கூடாது. கொரோப்கின் எங்கள் ஊரில் ஆடியது இரண்டே குளிர்காலம். பிறகு மாஸ்கோ அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, பதக்கமெல்லாம் அங்கே வாங்கியதுதான். ஆனாலும் ஊருக்கு அவன் செல்லப்பிள்ளை.

என் வீட்டுக்காரர் ரினாத், எனக்குப் பின்னால் கோட்டுகளுக்கு நடுவே முக்காலியில் உட்கார்ந்து, நான் சுட்டுக் கொண்டுவந்த எச்போச்மாக் என்ற முக்கோண அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தார். உள்ளே இருக்கிற உருளைக்கிழங்கின் சூட்டில் வாயை ஊதி ஊதி. அவர் ஆட்டம் பார்க்க உள்ளே போவதில்லை. இங்கே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்பார். "இது கோல் இல்ல, கம்பியில பட்டுச்சு" என்பார். சரியாகத்தான் இருக்கும். வீட்டுச் செருப்பை வேறு பையில் கொண்டுவந்து மாட்டிக்கொள்வார்.

கொரோப்கின் வருவதற்கு முன்னால் கோர்னில் இருபத்திரண்டு இவர்தான். அப்போது கூரையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. குழாய்த் தொழிற்சாலையின் கொதிகலன் கூடத்துக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் தண்ணீரை ஊற்றி உறையவிட்டு ஆடினார்கள். மண்வாரியோடு வருகிற ஆளுக்கு டிக்கெட் வேண்டாம், இடைவேளையில் இறங்கித் தளத்தில் விழுந்த பனியை வாரிப்போட்டால் போதும். நானும் மண்வாரிக்காரிதான். ஒருநாள் வேகமாக வாரி வீசியதில் ஒரு குவியல் பனி இவர் முகத்திலேயே போய் விழுந்தது. கல்யாணம் அங்கிருந்து ஆரம்பித்தது.

பதினெட்டு வயதில் அணிக்கு வந்த கொரோப்கின் முதல் மாதம் முழுக்க ஒரு கோல்கூடப் போடவில்லை. பள்ளிக்கூட அணியில் இருபத்திரண்டு போட்டுத்தான் ஆடினானாம், அது இல்லாமல் கை வரவில்லையாம். வெளியூர் போகிற பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். இவர் எழுந்துபோய் ஜெர்சியைக் கழற்றி அவன் மடியில் போட்டுவிட்டு, அவனுடைய மூன்றை வாங்கி மாட்டிக்கொண்டார். அன்றைக்கு அவன் மூன்று கோல். அதோடு முடிந்தது. அவன் மாஸ்கோ போன பிறகும் எண் இவருக்குத் திரும்பவில்லை. பையன் என்றைக்காவது வருவான் என்று பயிற்சியாளர் அதைக் காலியாகவே வைத்துவிட்டார். இவர் கடைசிவரை மூன்றாகவே ஆடினார்.

கடைசி என்று சொன்னேனே, அந்தக் கடைசியும் நடக்கவில்லை. கைதட்ட ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆட்டக்காரனுக்கு ஆட்டக்காரன் செய்யும் மரியாதை வேறு: இரண்டு அணியும் தளத்தைச் சுற்றி நிற்கிற பலகையில் மட்டையால் தட்டுவார்கள், விடைபெறுகிறவன் தளத்தை ஒரு சுற்று வருவான். இவருடைய விடைபெறும் ஆட்டத்தன்று காலையிலேயே வெயில் அடித்துத் தளம் குளமாகிவிட்டது. ஆட்டம் ரத்து. நனைந்த பூட்ஸோடு வீட்டுக்கு வந்து, சூப் இருக்கா என்று கேட்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அதனால் ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன். இருபத்திரண்டாம் கொக்கியை யாருக்கும் கொடுப்பதில்லை. அதில் இவருடைய பழுப்பு ஜாக்கெட் மட்டும்தான் தொங்கும்.

"விழாவுக்கு உள்ள போங்களேன்," என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். "பழைய ஆட்டக்காரங்க எல்லாரையும்தான் கூப்பிட்டிருக்காங்க."

"இங்கயே நல்லா கேக்குது நெல்லி."

"பாக்குறதுக்குத்தானே கூப்பிட்டாங்க, கேக்குறதுக்கா?"

அவர் விரலில் ஒட்டிய மாவைத் துடைத்தார்.

கூட்டமெல்லாம் உள்ளே போன பிறகு, கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒருவர் பொதுவாசல் வழியாக வந்தார். விருந்தினருக்கென்று தனி வாசல் இருப்பது அவருக்குத் தெரியவில்லை போலும். நல்ல விலையுள்ள கோட்டு. உள்ளே புரட்டிப் பார்த்தேன்.

"காது எங்க?"

"எந்தக் காது?"

"கோட்டுக்குங்க. இவ்வளவு பெரிய கோட்டு வாங்கத் தெரியுது, ஒரு வார் தைக்கத் தெரியலியா?"

அவர் சிரித்தார். உடைந்த மூக்குக்குக் கீழே அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் கொரோப்கின் என்று புரிந்தது. என் கை கோட்டிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ வருஷமாக மனசுக்குள் திட்டிப் பழகிய ஆள், இவ்வளவு வயசாகி, மூச்சு வாங்கிக்கொண்டு எதிரே நிற்பான் என்று நான் நினைக்கவே இல்லை.

"மன்னிச்சு இந்த ஒரு தடவை வாங்கிக்குங்கம்மா," என்றார். "முடிஞ்சா இருபத்திரண்டுல மாட்டுங்க. இன்னைக்கு ஒருநாள் ஆசைக்கு."

"முடியாது. அதுல ஆள் இருக்கு."

சொல்ல நினைத்து வைத்திருந்தது எவ்வளவோ. வாயில் வந்தது அவ்வளவுதான். அவர் கைத்தடியை மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, அந்தப் பழுப்பு ஜாக்கெட்டைப் பார்த்தார். பிறகு அதற்குக் கீழே முக்காலியில் இருந்த ஆளைப் பார்த்தார்.

"ரினாத் அண்ணே."

"சத்தம் போடாதடா வாதிக்," என்றார் இவர், வதீமைப் பழைய செல்லப் பெயரில் கூப்பிட்டு, வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டே. "நெல்லி, அவன் கோட்டை மூணுல மாட்டு. அது அவனோட பழைய நம்பர்தான்."

கொரோப்கின் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். "திருப்பிக் கொடுத்திருப்பாங்கன்னுதான் இத்தனை நாள் நெனச்சேன்ண்ணே," என்றார். "நீங்க கேக்கலியா?"

"கேட்டு வாங்குறதுக்கு அது என்ன கடன் கொடுத்ததா? உனக்குக் கொடுத்தது."

அணி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அலீனா என்ற பெண் ஓடிவந்தாள். "சார், உங்கள எங்கெல்லாம் தேடுறது! பேரக் கூப்பிட்டாச்சு, வாங்க."

அவர் நகரவில்லை. "அண்ணே வந்தாத்தான் வருவேன்."

"எனக்கு முட்டி வலி."

"எனக்கும்தான் வலிக்குது. எந்திரிங்க."

"வீட்டுச் செருப்புல இருக்கேன்டா."

"நான் மட்டும் என்ன ஸ்கேட்டா போட்டிருக்கேன்?"

இவர் என்னைப் பார்த்தார். அப்படி என்னிடம் உத்தரவு கேட்கிற பார்வையை நான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் கண்டதில்லை. "வாய்ல மாவு ஒட்டியிருக்கு, தொடச்சிட்டுப் போங்க," என்றேன். இரண்டு கிழவர்களும் ஒரே கைத்தடியை நடுவில் வைத்துக்கொண்டு நடைபாதையில் போனார்கள். இவருடைய வீட்டுச் செருப்பு தரையில் சரக் சரக்கென்று இழுபட்டது.

நான் போக முடியாது. கோட்டுகளை விட்டுவிட்டு எப்படிப் போவது? இவருடைய முக்காலியில் உட்கார்ந்தேன். இவர் சொன்னது பொய். இங்கே எதுவும் நன்றாகக் கேட்கவில்லை. அறிவிப்பாளரின் குரல் கொழகொழவென்று வந்தது. கொரோப்கின் என்ற பெயர் மட்டும் புரிந்தது. கைதட்டல். அதற்குள்ளிருந்து மட்டைகள் பலகையில் தட்டும் சத்தம், மழை மாதிரி, நெடுநேரம். அது ஓய்ந்தது.

யாரோ பேசினார்கள். மூச்சு வாங்கி வாங்கி, வயசான குரல், கொரோப்கின்தான். ஒரு சொல்லும் புரியவில்லை. பிறகு அவ்வளவு பெரிய அரங்கத்தில் சத்தமே இல்லை. நான் மூன்றாம் எண் டோக்கனைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு மட்டை. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து மறுபடியும் பலகையில் தட்டத் தொடங்கின. எனக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கம்பியில் தொங்கிய கோட்டுகள் அந்த அதிர்வில் லேசாக ஆடின. இருபத்திரண்டில் பழுப்பு ஜாக்கெட்டின் கைகளும் ஆடின. இவர் தளத்தை ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அதுவும் முட்டி வலியோடு, வீட்டுச் செருப்போடு. சத்தம் நிற்கவில்லை.