கூலி மாப்பிள்ளையும் பூவரசங் கம்பங்களும்

1936ஆம் ஆண்டு வைகாசி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஆலங்காட்டு உதைபந்தாட்ட மைதானத்தில் ஊர் அணி காத்த கோலின் கம்பங்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக நடந்து விலகின. விலகிய தூரம் மூன்று சாண். அன்று ஆலங்காட்டுக் குழுவில் கூலிக்கு வந்து ஆடிய வெளியூர்க்காரரும் மூன்று பேர். அந்தக் கிழமை புகையிலை விலை இறங்கியிருந்ததால் ஊரில் அதைப் பற்றிய பேச்சுத்தான் அதிகமாக இருந்தது. கம்பம் நடந்ததை முதலில் கண்டவள் பத்மாசினி. மைதானத்தை ஒட்டித்தான் அவளுடைய தகப்பன் தியாகலிங்கத்தின் வளவு. கிடுகு வேலியில் கண்ணளவு ஓட்டையாக ஒரு பொட்டு விட்டு, அதற்குள்ளால் ஆட்டம் பார்ப்பது அவள் வழக்கம். கண்டவள் கத்தவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "ஐயா, உங்கடை கோல் பெருத்துப் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

ஆலங்காடு என்பது வட்டுக்கோட்டைக்கு மேற்கே தோட்டமும் வெட்டையுமாகக் கிடந்த சின்ன ஊர். வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் இப்படி ஏழு ஊர்கள் கூடி ஒரு பந்தாட்டச் சங்கம் வைத்திருந்தன. அதற்குச் செயலாளர் கனகலிங்கம். யாழ்ப்பாணத்துப் பிரக்கிராசி, காணி வழக்குப் பேசிப் பேசி, எதைக் கண்டாலும் எல்லை எங்கே என்று கேட்கப் பழகிய மனிதர். சங்கம் தொடங்கிய நாளில் அவர் ஒரு பெரிய பூவரசின் கீழ் நின்று விதிகளை வாசித்தார். ஒருவன் தான் குடியிருக்கும் ஊருக்கே ஆடவேண்டும். காசுக்கோ பண்டத்துக்கோ வெளியூரானை இழுக்கக்கூடாது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டிய கையோடு அதே பூவரசில் கொம்பு வெட்டி எல்லா ஊர் மைதானங்களுக்கும் கோல்கம்பம் கொண்டுபோனார்கள். வேறு தேசத்தில் என்றால் காய்ந்த மரத்தை நட்டிருப்பார்கள். இவர்களோ வேலியடைத்துப் பழகிய கைகள். வேலிக்கு நடுவது போலப் பச்சைக் கதியாலாகவே நட்டு, அடியில் தண்ணீரும் ஊற்றி, குறுக்காக ஒரு தும்புக் கயிற்றைக் கட்டினார்கள். கம்பங்கள் மாரிக்கு வேர்விட்டன, தைக்குத் துளிர்த்தன. விதி வாசித்தபோது அந்த மரம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

விதியை மீறியதாக எந்த ஊரும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வெளியூர்க்காரன் காசு வாங்கமாட்டான்; விடிந்து பார்த்தால் அவன் வீட்டு வாசலில் ஒரு சிப்பம் புகையிலை தானாக இருக்கும். இந்தக் கலையில் தியாகலிங்கத்தை விஞ்ச ஆளில்லை. சுருட்டுக் கொட்டில் முதலாளி, ஆலங்காட்டுக் குழுவின் தலைவர். அவருடைய கொட்டிலில் சுருட்டே சுற்றத் தெரியாத நாலைந்து பேர் வேலைக்காரர் என்ற பேரில் பந்தடித்துத் திரிந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியால் நகர்வது புதினமல்ல. பக்கத்து வளவுக்காரன் கை படாமல் நகர்வதுதான் புதினம். ஆகவே முதலில் மைதானத்துக்கு அடுத்த காணிக்காரனைப் பிடித்து விசாரித்தார்கள். அவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினான். நில அளவையாளர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்து, கம்பங்கள் சட்டப்படி எங்கே நிற்கவேண்டுமோ அங்கேதான் நிற்கின்றன என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமைக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. எந்த அணி கூலியாளை இறக்கினாலும் அந்த அணி காக்கும் கோல் ஆளுக்கு ஒரு சாண் அகலும். இடைவேளையில் பக்கம் மாறினால் அகன்றது ஒடுங்கி மற்றது அகலும். ஆட்டம் முடிந்து வியர்வை துடைப்பதற்குள் கம்பங்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும். கயிறு மட்டும் ஒவ்வொரு கிழமையும் புதிதாக வேண்டியிருந்தது. ஆலங்காட்டுக் கோல் காவலன் தம்பிராசா விலகிய கம்பங்களுக்கு நடுவே நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்துவிட்டு, "இது கோலோ, வண்டில் போற ஒழுங்கையோ?" என்று கேட்டு, அன்றே வேலையை விட்டான். ஒரு ஊரார் இரும்புக் குழாய் நட்டுப் பார்த்தார்கள். அதுவும் மூன்றாம் நாள் துளிர்த்தது.

கூலியாட்டம் அத்தோடு படுத்தது. தியாகலிங்கம் படுக்கவில்லை. சுருட்டை வாயின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றி யோசித்தார். எங்கள் பகுதியில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் சீதன வீட்டுக்குக் குடிவருவான். குடிவந்தவன் அந்த ஊரான். விதியிலும் அப்படித்தான் இருக்கிறது. அவருக்குத் தென்மராட்சியில் மட்டுவில் ஊர்மேல் ஒரு கண் இருந்தது. அங்கே சீவரத்தினம் என்றொரு பெடியன், முன்வரிசையில் ஓடுபவன், போன வருடம் ஆலங்காட்டைத் தனியாளாக நின்று அழவைத்தவன். தியாகலிங்கத்திடம் கல்யாணத்துக்கு ஒரு மகளும் இருந்தாள்.

"ஐயா, உங்களுக்கு மருமகன் வேணுமோ, பந்தடிக்கிறவன் வேணுமோ?" என்று பத்மாசினி கேட்டாள்.

"ரெண்டும் ஒருத்தனாய் வந்தா உனக்கென்ன நட்டம் பிள்ளை?"

அவள் மேலே வாதாடாமல் அடுப்படிக்குப் போனாள். வேலிப் பொட்டுக்குள்ளால் அவனை அவள் முன்பே பார்த்திருந்ததும் ஒரு காரணம். ஆவணியில் கல்யாணம் நடந்தது. வீடு, தோட்டம், கிணற்றில் பங்கு எல்லாம் கொடுத்த தியாகலிங்கம், தாம்பூலத்தோடு ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தார். மாப்பிள்ளை ஆலங்காட்டுக்கு ஆடவேண்டும்.

புரட்டாதியில், மழைக்கு முந்திய கடைசி ஆட்டத்தில், சீவரத்தினம் மாமனார் ஊருக்காக இறங்கினான். ஊர் முழுக்க வந்திருந்தது. ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. பத்மாசினி பொட்டில் கண்ணை வைத்து நின்றாள். அவன் கோடு தாண்டிக் காலை வைத்ததும் ஆலங்காட்டுக் கம்பங்கள் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தவை போல விலகின. முழுசாக ஒரு சாண். கூட்டத்தில் எவனோ "கூலி மாப்பிள்ளை" என்றான். பொழுது படுவதற்குள் அந்தப் பேர் ஏழு ஊருக்கும் போய்விட்டது. சீவரத்தினம் மூன்று கோல் அடித்தான். ஒரு சாண் கொடுத்து மூன்று கோல் எடுப்பது நல்ல வியாபாரம் என்று தியாகலிங்கம் சந்தோஷப்பட்டார். பத்மாசினிக்கு வேறு கணக்கு. அவன் கூலியாள் என்றால், அந்தக் கூலி அவள்தான்.

"இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. பந்துக்குத்தானே வந்தனீங்கள்?"

அவன் கால் கழுவிக்கொண்டிருந்தான். "ஓம்" என்றான். "உம்மை நான் கண்டதே தாலி கட்டேக்கைதானே. பந்தை எனக்குச் சின்னனிலை இருந்து தெரியும்."

இதற்குமேல் கோபிக்க வழியில்லாதபடி அவன் உண்மை சொல்லிவிட்டது அவளுக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. அந்தக் கிழமை முழுவதும் குழம்பில் உப்பு அவள் கைக்கு வந்தபடி விழுந்தது. அவன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டான்.

பிறகு மழை வந்தது, மைதானம் தண்ணீரில் கிடந்தது, பந்து பரணுக்குப் போனது. சீவரத்தினம் புகையிலைக் கன்று நட்டான். மட்டுவிலிலிருந்து கத்தரி விதை கொண்டுவந்து கிணற்றடியில் போட்டான். அவள் துலாவில் தண்ணீர் அள்ள, அவன் பாத்தி மாற்றினான். அந்த இடைவெளியில் இருவரும் கதைக்கத் தொடங்கினார்கள். முதலில் பூச்சியைப் பற்றி, பிறகு தியாகலிங்கத்தைப் பற்றி, பிறகு சிரிப்பு வந்தது. தை மாதத்தில் பக்கத்து வளவுக்காரன் ஒரு கதியாலை வழக்கம்போல இந்தப் பக்கம் தள்ளி நட்டபோது, ஒழுங்கையில் நின்று அவனோடு மல்லுக்கட்டியது தியாகலிங்கமல்ல, சீவரத்தினம். "எங்கடை வேலியிலை கை வைச்சா நடக்கிறது வேறை" என்று அவன் சொன்னதைப் பத்மாசினி அடுப்படியில் நின்று கேட்டாள். கேட்டும் அவள் நம்பவில்லை. ஒரு சாணை அவள் கண்ணால் கண்டவள்.

இதற்குள் மற்ற ஊர்களும் பெண்பிள்ளைகளை எண்ணத் தொடங்கிவிட்டன. கல்யாண வயதில் நாலு பெண் உள்ள ஊர் மார்தட்டியது. ஆண்பிள்ளைகளாகவே பெற்று வைத்திருந்த ஊர் அநியாயம் என்று பிராது கொடுத்தது. பங்குனியில் சங்கம் தியாகலிங்கத்தின் சுருட்டுக் கொட்டிலில் கூடியது. மாப்பிள்ளை எத்தனை காலத்தில் ஊரானாவான் என்பது கேள்வி. முதல் பிள்ளை பிறந்த பிறகு என்றார் ஒருவர். பிள்ளை பிறக்காவிட்டால் பந்தும் இல்லையோ என்றார் இன்னொருவர். ஒரு கோடை அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் போதும் என்று ஒரு கட்சி. எங்கள் கிணறு உவர், அது கணக்கோ என்று எதிர்க்கட்சி. கனகலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் களைத்துப்போனார். தேத்தண்ணீர் கொண்டுவந்த பத்மாசினி தட்டத்தை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"பிரக்கிராசி ஐயா, ஒண்டு கேக்கட்டோ? உங்கடை விதியிலை ஆளை எடுக்கிறதுக்கு எல்லாம் எழுதிக் கிடக்கு. ஆளைக் கேக்கிறதெண்டு ஒரு சொல்லும் இல்லையே."

தியாகலிங்கம் சுருட்டைக் கடித்துவிட்டார். கனகலிங்கம் கண்ணாடியைப் போட்டு அவளைப் பார்த்தார். நீதிமன்றத்தில் இருபது வருடம் நின்றவருக்கு நல்ல வாதம் கேட்டால் தெரியும். அன்றே புது விதி வந்தது. சீதனத்தோடு பந்தாட்டத்தைச் சேர்த்துப் பேசினால் அந்தப் பேச்சுச் செல்லாது. மாப்பிள்ளையாக வந்தவன் பிறந்த ஊருக்கோ புகுந்த ஊருக்கோ, தன் விருப்பப்படி ஆடலாம். வீடும் தோட்டமும் எப்படியும் அவனுக்கே. பத்மாசினி தகப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் ஆக மெல்ல, "ஓம்" என்றார்.

அவனை அவிழ்த்துவிட்டது அவள்தான். பயந்ததும் அவள்தான். சீவரத்தினத்தைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவன் தலையைச் சொறிந்து, மட்டுவிலுக்கு ஆடப்போவதாகச் சொன்னான். "வித்துப்போட்டுப் போனவன் எண்டு அங்கை சந்தியிலை நிண்டு கதைக்கிறாங்கள். அது தீரவேணும்." நியாயம்தான். ஆனால் அவன் மட்டுவிலுக்கு இறங்கும் முதல் ஆட்டமே வைகாசிக் கடைசியில், கோப்பைக்கு, ஆலங்காட்டோடு என்று வந்தபோது பத்மாசினி மறுபடி கணக்குப் போட்டாள். பிறந்த ஊருக்கு அவன் ஆடக் கம்பம் அசையாது நின்றால், அவன் இன்னும் மட்டுவிலான். இந்த வீட்டில் அவன் உண்டது உறங்கியதெல்லாம் கூலிக்கணக்கு. அதை ஊர் கூடிநின்று பார்க்கும்.

பார்த்தது. வெற்றிலைக்காரி முதல் பிரக்கிராசி வரை வெயிலில் நின்றார்கள். மட்டுவில் சட்டையோடு சீவரத்தினம் கோடு தாண்டினான். கம்பங்கள் அசையவில்லை. மட்டுவில்காரர் விசிலடித்தார்கள். பத்மாசினி பொட்டிலிருந்து கண்ணை எடுத்து, கிடுகில் நெற்றியை வைத்தாள். அப்போதுதான் விசில் நின்றது. வேர் மண்ணைக் கிழிக்கும் மெல்லிய சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தபோது மட்டுவில் காக்கும் கோலின் கம்பங்கள் நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், ஆளுக்கொரு பக்கம் நடந்துகொண்டிருந்தன. முழுசாக ஒரு சாண் போய் நின்றன.

மட்டுவில் தலைவன் இடுப்பில் கை வைத்தான். "டேய் சீவரத்தினம், நீ எங்கடை ஆள் இல்லையோடா?"

சீவரத்தினம் கம்பத்தைப் பார்த்தான். பிறகு வேலியைப் பார்த்தான். "அப்பிடித்தான் போலை கிடக்கு" என்றான்.

இருந்தும் சொன்ன சொல்லுக்காக முழு ஆட்டமும் ஓடினான். இரண்டு கோல் அடித்தான். ஆலங்காடு மூன்று அடித்தது. மூன்றாவது பந்து கம்பத்தை ஒட்டி, புதிதாகத் திறந்த அந்த ஒரு சாணுக்குள்ளால்தான் போனது. தியாகலிங்கம் சால்வையை வீசி ஆடினார். தோற்றது மருமகன் என்ற நினைவு வந்து குந்தினார். கோப்பை தன் ஊருக்கு என்ற நினைவு வந்து மறுபடி எழும்பினார். சீவரத்தினம் வாசலைச் சுற்றிப் போக மினக்கெடவில்லை. வேலியைக் கையால் விலக்கி நேரே வளவுக்குள் வந்தான். பத்மாசினி செம்பில் தண்ணீரோடு நின்றாள். முகம் ஒன்று சொல்ல, வாய் வேறொன்று சொன்னது.

"தோத்துப் போனியளே."

"ஆர் சொன்னது? எங்கடை ஊர் வெண்டது" என்று சொல்லி அவன் செம்பை வாங்கி அண்ணாந்தான்.

அடுத்த பருவத்திலிருந்து அவன் ஆலங்காட்டுக்கே ஆடினான். கம்பங்கள் சும்மா நின்றன. நாற்பதுகளில் உலகச் சண்டையால் பந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோதும் சங்கம் நடந்தது. கம்பங்கள் பெருத்து நிழல் விழுத்தி, ஆட்டத்துக்கு நடுவில் மஞ்சள் பூவும் உதிர்த்தன. ஆளெடுப்பு விதிகளை அதற்குப் பிறகு ஒருவரும் திருத்தவில்லை. கலியாணத் தரகர்மார் மட்டும், சாதகம் பார்க்குமுன் மாப்பிள்ளையை ஒரு பின்னேரம் மைதானத்துக்குக் கூட்டிவரத் தொடங்கினார்கள். சாதகத்தில் செவ்வாய் இருந்தால் பரிகாரம் உண்டு. கம்பம் விலகினால் தேத்தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த இடத்தைப் பார்ப்பார்கள்.