தடைக்காலத்தில் திறந்த குகை

"குழிக்கு வாட்ச்மேன் வேலையாமே. அதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போனான் உன் வூட்டுக்காரன்?" என்று பச்சையம்மா அத்தை கேட்டதில்தான் எல்லாம் தொடங்கியது.

பவானி நிறைமாதம் நெருங்கும் வயிற்றுடன் காசிமேட்டுத் தாய்வீட்டில் இருந்தாள். அவள் கணவன் திலீப் ஆஸ்திரியாவில், ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் வழிகாட்டி. கோடையில் பயணிகளை உள்ளே அழைத்துப்போய்க் கதை சொல்வான். பனிக்காலத்தில் குகை மூடியிருக்கும். வாசலில் பனியை அள்ளித் தள்ளுவதும் சாவியைக் காப்பதும் அப்போது அவன் வேலை.

அன்று மாலையே அவனைப் போனில் பிடித்தாள். "மாமா, வளைகாப்புக்கு நீதான் வர மாட்டே. லைட்டெல்லாம் போட்டு உள்ள ஒரு வீடியோவாவது எடுத்து அனுப்பு. அத்தை வாயை அடைக்கணும்."

"வௌவாலுங்க தூங்குது பவானி. குளிர் முடியிற வரைக்கும் யாரும் உள்ள போகக் கூடாது. அந்தக் காலத்துல ஜனங்க தீப்பந்தம் எடுத்துகினு சுத்திப் பார்க்கப் போயி, கூரை இன்னும் கரியா கீது. வௌவாலும் முக்காவாசி ஓடிப்போச்சு. இப்பத்தான் திரும்பி வருது. நம்ம தடைக்காலம் மாதிரின்னு வெச்சுக்கோயேன்."

தடைக்காலம் அவளுக்குத் தெரியாததா? மீன் முட்டையிடும் அந்த இரண்டு மாதமும் அவள் அப்பா தாமோதரனின் விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும். வீட்டில் குழம்பு தண்ணியாகிவிடும். ஒரு வருஷம் திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போய் வந்தவனின் மீன், ஏலம் கேட்க ஆளில்லாமல் வெயிலில் நாறியதை அவளே பார்த்திருக்கிறாள்.

ஆனாலும் சொன்னாள்: "மீனு நமக்குச் சோறு போடுது. வௌவாலு இன்னா போடுது? அதுக்குக் கீற மரியாதை உன் புள்ளைய சுமக்கிறவளுக்கு இல்லியா?"

வளைகாப்பன்று காலையில் வீடியோ வந்திருந்தது.

கூடத்து டி.வி.யில் போட்டார்கள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய, மெழுகு வழிந்து உறைந்தாற்போல் சுண்ணாம்புத் தூண்கள் மின்னின.

"சிவலிங்கம் மாரியே கீதுடீ!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பவானிக்கு மனசு நிறைந்தது.

கடைசியில் கூரையிலிருந்து ஏதோ பிய்ந்து விழுவதுபோல் பறந்தது. பிறகு இன்னொன்று. பெண்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். படம் ஆடியது. "சாரி, சாரி" என்று திலீப் கிசுகிசுப்பது கேட்டது. அவன் யாரிடம் சொல்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவன் கூப்பிட்டான். பவானி போனுடன் மாடிப்படி ஏறினாள்.

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"அத்தை கும்பிடவே கும்பிட்டுச்சு மாமா!"

"நல்லது. பறந்ததுல ரெண்டு வெளிய பனியில செத்துக் கெடந்துச்சு. நடுவுல முழிச்சா ஒடம்புல சேத்து வெச்ச கொழுப்பு கரைஞ்சிடும். தின்ன பூச்சியும் கெடைக்காது. நானே போயி மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். சாவியை வாங்கிக்கினாரு. கோடைக்கு வேலை உண்டா இல்லியான்னு அப்பால சொல்றாராம்."

"நான் கேட்டேன்னு சொன்னியா?"

"உன் பேரு எதுக்கு? கதவைத் தொறந்தவன் நான்."

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். சத்தமில்லாமல் ஒரு ஓரமாகப் போய் உட்காரக்கூட முடியவில்லை.

அத்தை ரிமோட்டுடன் காத்திருந்தாள். "இன்னொரு தபா போடுடீ. அந்த வௌவாலு பறக்கிற எடம் சோக்கா கீது. எனக்கும் அனுப்பு, குப்பம் பூரா காட்டுறேன்."

"வேணாம் அத்தே."

"ஏன், கண்ணு பட்டுடுமா?"

பவானி டி.வி.யை அணைத்தாள். "அங்க இப்ப தடைக்காலம். போவ மாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான் எறக்கி வுட்டேன். ரெண்டு செத்துப்போச்சு. அவரு வேலையும் போவுமோ இன்னாவோ."

அந்தக் கூடத்தில் தடைக்காலம் என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. புளிசாத வாளியுடன் வந்த தாமோதரன் வாசல்படியிலேயே நின்றார். மகளின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அத்தை ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். "அவன்கிட்ட இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"போயி சொல்லு. சோறு அப்பால துன்னலாம்."

வளையல்கள் கலகலக்க மறுபடி படியேறினாள். அவன் உடனே எடுத்தான்.

"மாமா, அந்த மேனேஜர்கிட்ட திரும்பப் போ. என் பேரையும் சொல்லு."