விட்டுப் போகாத போதகர்கள்

பின்கதவு படாரென்று சுவரில் மோதித் திறந்தது. அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. நான் இன்னும் தலைகூட வாரவில்லை.

"மிஸஸ் ரென்னி! கோயிலுக்குள்ள வெளியாளுங்க!"

வாசலில் மூச்சிரைக்க நின்றவர் நெட்டா இம்ரி, எங்கள் சபைச் செயலாளரின் மனைவி. கதவைத் தட்டி அனுமதி கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. போதகர் குடியிருக்கும் வீடு சபையின் சொத்து. அதனால் சாவி ஒன்று எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும்.

"வெளியாளுங்கன்னா?"

"நாலு பேர். தனித்தனியா வந்தாங்க, தனித்தனியா உக்காந்திருக்காங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கவே இல்ல. அதுலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. ஒரே ஊர்க்காரங்க மட்டும்தான் அவ்வளவு கவனமா பாக்காம இருப்பாங்க."

"யார் வீட்டுக்காவது விருந்தாளிங்க வந்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தை அவர் பார்த்துவிடக் கூடாது.

அந்த நாலு பேர் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் நான் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன்.

எங்கள் ஸ்காட்லாந்துத் திருச்சபையில் போதகரை மாற்றல் செய்ய மேலதிகாரி யாரும் கிடையாது. போதகர் இல்லாத ஊர்ச் சபை ஒரு குழுவை நியமிக்கும். அந்தக் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஊர் ஆலயங்களுக்குப் போய், யாரோ போல உட்கார்ந்து பிரசங்கம் கேட்கும். பிடித்துப்போனால் அழைப்பு வரும். பிடிக்காவிட்டால் வந்த வழியே போய்விடுவார்கள். யாரும் அழைக்காத போதகர் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். வேலையை உதறினால் வீடும் போய்விடும்.

கிளாஸ்கோ நகரத்துக்கு ரயிலில் போய் வேலை பார்க்கிறவர்களின் புறநகர் எங்கள் கிர்க்வெய்ல். சாம்பல் நிறக் கல்வீடுகள், கத்தரித்த வேலிகள், எல்லா ஜன்னலிலும் வலைத்திரை. ரயில் பாதை போட்ட காலத்தில் கட்டிய ஆலயத்தில் என் கணவர் ஆர்ச்சிக்கு முன்னால் நான்கு போதகர்கள் இருந்திருக்கிறார்கள். நான்கு பேரும் பதவியிலிருக்கும்போதே இறந்தவர்கள். முதலாமவர் மெக்குவிஸ்டன், பைபிளிலிருந்து சங்கீதம் வாசிக்கும்போதே பிரசங்க மேடையில் சாய்ந்தாராம். இரண்டாமவருக்கு நிமோனியா. மூன்றாமவர் ப்ரோடி, யுத்த காலத்தில் இருட்டடிப்பு இரவொன்றில் சைக்கிளிலிருந்து விழுந்தார். நான்காமவர் ஆக்னியூ, பக்கவாதம் வந்த பிறகும் இரண்டு வருடம் உட்கார்ந்தபடியே பிரசங்கித்தார். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, இருந்தாலும் ஒரு குடும்பம்கூட அவரை விட்டு வேறு சபைக்குப் போகவில்லை என்பது சபைப் பெரியவர்களான மூப்பர்களின் பெருமை.

"எங்ககிட்ட வந்தவங்க யாருமே எங்களை விட்டுப் போனதில்லை" என்று செயலாளர் வால்டர் இம்ரி எங்கள் வரவேற்புக் கூட்டத்தில் சொன்னபோது நான் கைதட்டினேன். புதுக் கல்யாணம். அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு பேரின் படங்களும் ஆலயத்தின் உள்ளறையில் வரிசையாகத் தொங்குகின்றன. ஐந்தாவது ஆணி ஏற்கெனவே அடித்துத் தயாராக இருக்கிறது.

நான் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. கிர்க்வெய்லுக்கு வந்ததும் அது நின்றுபோனது. போதகர் மனைவி சம்பளத்துக்கு வேலைக்குப் போவதா என்று பெண்கள் சங்கம் வாயைப் பிளந்தது. சமையலறைச் சுவர் பச்சையாக, குளத்துப் பாசி மாதிரி இருந்தது. மஞ்சள் அடிக்கலாமா என்று கேட்டேன். கட்டடக் குழு அதைப் பரிசீலித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை சிவப்புக் கோட்டு வாங்கினேன். அடுத்த வாரம் மூன்று பேர் தனித்தனியாக என்னைப் பார்த்து, அது எவ்வளவு "கலகலப்பா" இருக்கிறது என்று சொன்னார்கள். அதன் பிறகு அது அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

ஆர்ச்சி நல்லவர். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். கடற்கரைக் கிராமமான போர்ட்வென்னனில் போதகர் இடம் காலி என்று செய்தித்தாளில் பார்த்து, அவரை விண்ணப்பிக்க வைத்தது நான்தான். அங்கே பள்ளிக்கூடத்துக்கும் ஆசிரியை தேவை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஒருவேளை அவங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னா?" என்று கேட்டார்.

"பிடிக்கும். நீங்க பாட்டுக்கு எப்பவும் போலப் பேசுங்க. ஒண்ணே ஒண்ணு, ஜெயில், சங்கிலி மாதிரி எதையும் எடுத்துப் பேசாதீங்க."

அந்த ஞாயிறு காலை நான் ஆலயத்தில் நுழைந்தபோதே குழப்பம் தொடங்கியிருந்தது. கிர்க்வெய்லில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பெஞ்சு. எழுதி வைக்கவில்லை, ஆனால் உயில் மாதிரி. காற்றில் காய்ந்து சிவந்த முகத்தோடு ஒரு பெரிய மனிதர் பெயர்ட் குடும்பத்துப் பெஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தார். பெயர்ட் வீட்டார் ஆறு பேரும் பாட்டுப் புத்தகத்தோடு நடைபாதையில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பதிலுக்குச் சிநேகமாகத் தலையசைத்தார். கடைசியில் பெயர்ட் குடும்பம் அவருக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்றாகப் பிரிந்து உட்கார்ந்தது.

அவருக்கு நேர் முன் பெஞ்சில், கறுப்புக் கையுறை போட்ட ஒரு வயதான பெண்மணி. அந்தப் பெரிய மனிதருக்கு நேர் பின்னால் பச்சைத் தொப்பி அணிந்த ஒரு நடுவயதுப் பெண். தூணோரம் ஒல்லியாக ஓர் ஆள். நால்வரும் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆர்ச்சி மேடையேறி வேதபாடத்தை அறிவித்தார். பவுலும் சீலாவும் சிறையில் கட்டப்பட்டிருந்த பகுதி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பிரசங்கம் தொடங்கியதும் எல்லோரும் ஒரு வெள்ளைப் புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்கள். அது கரையும் நேரத்துக்குள் முடிக்கிற பிரசங்கமே நல்ல பிரசங்கம். ஆலயம் முழுக்கக் காகிதம் சரசரத்தது. கறுப்புக் கையுறைப் பெண்மணியும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, எத்தனையோ வருடப் பழக்கம், தோளுக்கு மேலாகப் பொட்டலத்தை நீட்டினார். சிவந்த முகக்காரர் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒன்றை எடுத்துக்கொண்டு, பொட்டலத்தைத் தலைக்கு மேலாகப் பின்னால் நீட்டினார். பச்சைத் தொப்பி எட்டி வாங்கிக்கொண்டார்.

அப்புறம்தான் மூவருக்கும் உறைத்தது. பொட்டலம் அந்தரத்தில் அப்படியே நின்றது.

கிர்க்வெய்ல் சபை முழுவதும் அதைப் பார்த்தது. நெட்டா மெதுவாகத் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். வால்டர் தலையை ஒரே ஒருமுறை ஆட்டினார்.

ஆனால் ஆர்ச்சி அன்று பேசினார் பாருங்கள்! பூமி அதிர்ந்து சிறைக் கதவுகள் திறந்ததைச் சொன்னபோது தூணோரத்து ஆள் கூரையைப் பார்க்க மறந்து வாயைத் திறந்துகொண்டிருந்தார். அந்தக் கறுப்புக் கையுறை கண்ணைத் துடைத்தது. நமக்குத்தான் என்று நினைத்தேன். அந்தக் கடற்கரை நமக்குத்தான்.

ஆராதனை முடிந்தால் பக்கத்துக் கூடத்தில் தேநீர். யாரும் தப்ப முடியாது. பெரிய தேநீர்க் கெட்டிலைப் பிடித்து ஊற்றுவது என் வேலை. வரிசை முடியும்வரை அந்த இடத்தை விட்டு நகர முடியாது. அங்கிருந்தே பார்த்தேன். எங்கள் மூப்பர்கள் கேக் தட்டுகளோடு நான்கு பேரையும் நான்கு மூலைக்கு ஓட்டிப் போய்விட்டார்கள். நெட்டா பச்சைத் தொப்பிக்காரியை ஜன்னலோரம் கூட்டிப் போய், அவள் கைமேல் கைவைத்து, தலையைச் சாய்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆளுங்க என்னவோ ரொம்ப உபசாரம் பண்றாங்களே" என்றேன், பக்கத்தில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்த மிஸஸ் பெயர்டிடம்.

"வெளியூர்க்காரங்க இல்லையா, நம்ம போதகர் எப்படிப்பட்டவர்னு நாமதானே சொல்லணும்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "பால் தீர்ந்துபோச்சு பாருங்க."

பச்சைத் தொப்பிக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். நீண்ட பார்வை. தங்கள் ஊர் வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று கணக்குப் போடுகிறாள் போல. நான் நிமிர்ந்து நின்று, என்னால் முடிந்த அளவுக்கு நன்றாகச் சிரித்தேன். அவள் சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முன் அவளே என்னிடம் வந்தாள். கெட்டிலைப் பிடித்திருந்த என் கையை அழுத்தினாள்.

"கவலைப்படாதீங்க மிஸஸ் ரென்னி. தைரியமா இருங்க. எல்லாம் சரியாயிடும்."

வாக்குக் கொடுத்துவிட்டாள்! எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த வாரம் முழுக்க நான் ரகசியமாகத் தயாரானேன். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தேன். பழைய பாடப் படங்களை விரித்துப் பார்த்தேன். சிவப்புக் கோட்டை எடுத்து ஜன்னல் திரையை மூடிக்கொண்டு போட்டுப் பார்த்தேன். கடற்கரையில் அதைப் போட்டால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

தொலைபேசி மணி அடித்தபோது நான் மாடிப்படியில் இருந்தேன். ஆர்ச்சி எடுத்தார்.

"ஆமா... சரிங்க... இல்ல இல்ல, புரியுது... நீங்க கூப்பிட்டுச் சொன்னதே பெரிய விஷயம்."

ரிசீவரை வைத்துவிட்டு, அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வேற ஒருத்தரைத் தேர்ந்தெடுத்துட்டாங்க எல்ஸ்பெத். பிரசங்கம் ரொம்பப் பிடிச்சிருந்துதாம். ஆனா சின்ன ஊராம், அங்க எல்லாமே கஷ்டமா இருக்குமாம்." கொஞ்சம் யோசித்தார். "உன்னை நல்லாப் பாத்துக்கச் சொன்னாங்க."

"என்னையா? எதுக்கு?"

"மரியாதைக்குச் சொல்லியிருப்பாங்க" என்றார். பிறகு வழக்கம்போலப் பக்கத்துத் தெருவில் ஒரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டார். முடியாது என்று யாராவது அவரிடம் சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

நான் டிரங்குப் பெட்டியைத் திரும்பப் பரணில் ஏற்றினேன். இறக்கியபோது இலேசாக இருந்தது.

மறுநாளே நெட்டா வந்தார். கதவு படாரென்று திறக்கவில்லை. மெதுவாக, பதவிசாக உள்ளே வந்தார். ஒரு கையில் தானே செய்த திராட்சைக் கேக், மறு கையில் பெயிண்ட் நிறங்களின் மாதிரி அட்டை.

"கட்டடக் குழு ஒத்துக்கிச்சு கண்ணு! மஞ்சள்தான். நீங்களே எந்த மஞ்சள்னு பாத்துச் சொல்லுங்க. வால்டர் மேசையைத் தட்டிப் பேசினார். அவங்க இனி இங்கயே இருக்கப்போறாங்க, ஒரு சுவருக்கு என்ன கணக்குன்னு."

"இங்கயே இருக்கப்போறோம்னு யார் சொன்னா?"

நானும் ஆர்ச்சியும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நெட்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் வீட்டில் உட்காருவது போல.

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? மிட்டாய்ப் பொட்டலம் பறந்தப்பவே எல்லாருக்கும் தெரியும். போகணும்னு ஆசை எல்லாருக்கும்தான் வரும். அம்மை மாதிரி, ஒருதரம் வந்துட்டுப் போயிடும். ஆக்னியூவுக்கு மூணு தரம் வந்துச்சு."

"மிஸ்டர் ஆக்னியூ போக ஆசைப்பட்டாரா?"

"ப்ரோடியும்தான். என் மாமியார் இருந்தாங்களே, அவங்கதான் அப்ப தேநீர்க் கூடத்தைப் பாத்துக்கிட்டாங்க. வர்ற குழு கிட்ட ரெண்டு வார்த்தை பேசினா போதும், அவங்களே கிளம்பிடுவாங்க. நல்ல போதகரைச் சும்மா விட்டுக்கொடுத்துடுவோமா? குடும்பம் இல்லையா நாம?"

பச்சைத் தொப்பிக்காரியின் கை என் கையை அழுத்திய இடம் இன்னும் உறுத்துவது போலிருந்தது. இருந்தாலும் எனக்கு ஆர்ச்சியைத்தான் நினைக்கத் தோன்றியது. அந்த அப்பாவி மனிதரின் பெயரை எந்த ஊர் வரைக்கும் கெடுத்து வைத்திருக்கிறார்கள்?

"மிஸஸ் இம்ரி, என் புருஷனைப் பத்தி அவங்ககிட்ட என்ன பொய் சொன்னீங்க?"

கேக்கை வெட்டப்போன கத்தி பாதியில் நின்றது. நெட்டாவின் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது.

"போதகரைப் பத்தியா? கர்த்தரோட ஊழியக்காரர் மேல பழி சொல்ல எங்க நாக்கு கூசாதா கண்ணு? நாங்க எப்பவுமே அவங்க பொண்டாட்டிக்குத்தான் புத்தி சரியில்லைன்னு சொல்லுவோம்."